மோல்டு இறுக ஐந்து நிமிடம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், உரக்கடைக்கு மேல் மாடியில், எனக்கும் அந்த அக்காவுக்கும் நடுவில் ஏழு வருடம் ஒரு பிளைவுட் பலகைதான் இருந்தது. இந்தப் பக்கம் நான், செல்போன் ரிப்பேர். அந்தப் பக்கம் அவர் காது டெஸ்ட் செய்வார், காது மிஷின் பொருத்துவார். மாடியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்காத காதோடு என் கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். மீதிப் பேர் செத்துப்போன போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆள்காட்டி விரலால் என் வாசலைக் காட்டுவார், அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பக்கம் டியூஷன் சென்டர். நாள் முழுக்க வாய்ப்பாடு கேட்கிறது. அக்கா கடையைக் காலி செய்துகொண்டு தன் தங்கை இருக்கும் ஊருக்கே போய் நான்கு வருடமாகிறது.

காது கேட்கிறவர்களிடம் அவர் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். "டீ சொல்லட்டாக்கா?" என்றால் "ம்." "மழ வரும் போல இருக்குதுக்கா" என்றால் "வரட்டும்." ஒருமுறை மாடிப்படியில் நல்ல பாம்பு ஏறி வந்தது. உரக்கடைக்காரர் கீழே நின்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். அக்கா தன் வாசலில் இருந்து எட்டிப் பார்த்து, "பாம்பு" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இந்தம்மா வாய்க்குப் பூட்டு போட்டு, சாவிய ராஜகிரிக் கோட்ட மேலருந்து வீசிட்டுது போல" என்பார் உரக்கடைக்காரர். அழுத்தக்காரி என்றுதான் சந்து முழுக்க அவருக்குப் பெயர்.

எங்களுக்குள் இருந்த ஒரே பேச்சு பலகைத் தட்டுதான். போனுக்குள் இருக்கும் சின்னச் சில்லுகளைக் கழற்ற நான் சூடான காற்றடிக்கும் ப்ளோயர் வைத்திருந்தேன். அது போடும் சத்தத்தில் அவரால் காது டெஸ்ட் செய்ய முடியாது. பலகையில் இரண்டு தட்டு விழுந்தால் நான் ப்ளோயரை நிறுத்த வேண்டும். ஒரு தட்டு விழுந்தால் போட்டுக்கொள்ளலாம். இதையும் அவர் வாயால் சொல்லவில்லை, நானாகத்தான் புரிந்துகொண்டேன்.

ஆனால் சந்தில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி எனக்குத் தெரியும்.

காது மிஷின் காதில் ஒழுங்காக நிற்க, அந்தந்தக் காதுக்கு அளவெடுத்துச் செய்த மோல்டு வேண்டும். அளவெடுக்கிறபோது, நூல் கட்டிய சின்னப் பஞ்சைக் காதுக்குள் வைப்பார். பிறகு ரோஸ் நிறப் பசையைப் பிசைந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்து, காது நிறைய ஏற்றுவார். அது இறுக ஐந்து நிமிடம். அதுவரை ஆள் ஆடக் கூடாது. ஏற்கெனவே கேட்காத காது, மிஷினும் கழற்றியாயிற்று, பசையும் அடைத்தாயிற்று. பக்கத்தில் வெடி போட்டாலும் தெரியாது.

அப்போதுதான் அக்கா பேச ஆரம்பிப்பார்.

முதல் தடவை கேட்டபோது, உள்ளே வேறு யாரோ பெண்மணி வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். தண்ணீர் கேட்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். காதில் ரோஸ் பசையோடு ஒரு தாத்தா சிவனே என்று உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். நான் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் மறுபடி பேச்சு தொடங்கியது.

"நம்மள மாதிரியே இன்னொரு ஜனம் இருந்துச்சாம் பெரியவரே. தடிச்ச புருவ எலும்பு, பெரிய மூக்கு. நம்ம இனம் இல்ல, ஆனா மனுசங்கதான். பூண்டோட போயி நாப்பதாயிரம் வருசமாச்சு. நியாண்டர்தால்னு பேரு. எனக்கு வாயில நொழையல, அந்த ஜனங்கன்னே வச்சிக்குவோம். அவங்க பேசினாங்களா இல்லியான்னு படிச்சவங்களுக்குள்ள ஒரே சண்ட. பேச்சு மண்ணுல தங்குமா? நாக்கு தங்குமா? எலும்புதான தங்கும்? அதனால அந்த மண்டையோட்ட ஸ்கேன்ல வச்சி, காது ஓட்டைய அளந்து பாத்தாங்களாம். இப்ப நான் ஒனக்கு அளக்கறனே, அந்த மாதிரி."

தாத்தா தலையை ஆட்டப் பார்த்திருக்க வேண்டும். "ஆடாத" என்று ஒரு அதட்டல் கேட்டது.

"சிம்பன்சிக்கு ஒசந்த சத்தத்துல ஒரு எடத்துல காது மட்டுப்படுதாம். க, த, ச எல்லாம் அங்கதான் குந்திக்கினு இருக்குது. அந்த ஜனத்துக்கு அந்த எடம் நம்மள மாதிரியே கேட்டிருக்குது. எதிர்ல பேசறதுக்கு ஆளே இல்லாமயா ஒரு காது அப்டி வளரும்? யாரோ இன்னாவோ பேசியிருக்காங்க பெரியவரே. அது இன்னான்னுதான் நமக்குத் தெரியல."

இதுதான் அவர் பைத்தியம். ஒருமுறை அவர் போன் தண்ணீரில் விழுந்து என்னிடம் வந்தது. சரி செய்து திறந்தால் ஒரு சினிமாப் பாட்டுக்கூட இல்லை. எல்லாம் மண்டையோட்டு வீடியோ. "இன்னாக்கா, பேய் ஓட்டறீங்களா?" என்று கேட்டேன். "இல்ல" என்று போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒளிந்திருந்து கேட்கிறோமே என்று முதலில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. நாளாக ஆக, கூச்சம் போய் ருசி வந்துவிட்டது. மோல்டு எடுக்கும்போது அவர் பலகையைத் தட்ட மாட்டார். அதற்கு அமைதி தேவையில்லை. ஆனாலும் அவர் பேச்செடுத்ததும் நானாகவே ப்ளோயரை நிறுத்திவிடுவேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்னைத்தான் நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

கல் குவாரியில் முப்பது வருடம் டிரில்லிங் மிஷின் பிடித்த ஒருவரை அவர் சம்சாரம் இழுத்து வந்தது நினைவிருக்கிறது. "ஆம்பள கூப்ட்டா திரும்புது இந்த ஆளு. நான் கூப்ட்டா மட்டும் செவுடு. இருவது வருசமா இதே நாடகம்" என்று அந்த அம்மாள் படியேறும்போதே ஆரம்பித்துவிட்டார். அக்கா டெஸ்ட் செய்தார். பேப்பரில் கோடு போட்டார். "ஒசந்த சத்தம் விழுந்துடுச்சு. ஒங்க கொரல் அங்கதான் இருக்குது" என்றார். அவரைப் பொறுத்தவரை இது பெரிய பிரசங்கம்.

பிறகு அந்த அம்மாள், "அப்ப இருவது வருசமா நான் திட்டினது?" என்று கேட்டார்.

"கேக்கல."

அந்த அம்மாள் அழுதாரா சிரித்தாரா என்பது பலகை வழியாகத் தெரியவில்லை. மோல்டு வைத்த ஐந்து நிமிடத்தில் அக்கா குவாரிக்காரரிடம், "அந்தக் குகையில குந்தியிருந்த கெழவனுக்குக்கூடப் பொண்டாட்டி பேசினது கேட்டிருக்கும்யா. நீ இன்னா பாவம் பண்ண?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தேய்ந்து மாற்றிய பழைய மோல்டுகளை அவர் தூக்கிப் போட மாட்டார். ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். "செஞ்சி தாலுகா காதெல்லாம் இதுலதான் இருக்குது. நாளைக்கு நாமளும் பூண்டோட போயிட்டா, எவனாவது இத எடுத்து அளந்து பாத்து, இவங்க பேசியிருப்பாங்கன்னு சொல்லுவான்" என்று ஒரு பாட்டியிடம் சொன்னார். அன்றைக்கு என்ன மனநிலையோ, அதே மூச்சில் தன் கதைக்கும் வந்துவிட்டார். "நான் ஒரு தடவ ஒரு வார்த்த விட்டுட்டேன் ஆயா. சொன்னது நெசம்தான். ஆனா அதோட என் தங்கச்சி வூட்டு வாசல் எனக்கு மூடிச்சு. அதிலருந்து காது கேக்கறவங்க கிட்ட வாயத் தொறந்தாலே பயமா இருக்குது." பாட்டிக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

பக்கத்துச் சிங்கவரம் கிராமத்துக் குழந்தை வந்தது இதற்குப் பிறகுதான். மூன்று வயதுப் பெண் குழந்தை, பிறவியிலேயே காது கேட்காது. ஒரு சித்திரை மாதம் இரண்டு காதுக்கும் மிஷின் பொருத்தி அனுப்பினார் அக்கா. ஐப்பசியில் அப்பாவும் அம்மாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அப்பா சொந்தமாக டிராக்டர் ஓட்டிப் பயிர் வைக்கிறவர். மிஷின் டப்பாவை மேஜைமேல் வைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"ஏழு மாசமா மாட்டி வச்சிருக்கோம் மேடம். நைனான்னு ஒரு வார்த்த வரல. அம்மான்னு வரல. எதுக்குக் கொழந்தய இம்ச பண்றீங்கன்னு எங்க அம்மா தெனமும் கேக்குது. போதும். இத நீங்களே வச்சிக்கோங்க."

"உக்காருங்க" என்றார் அக்கா. பலகையில் இரண்டு தட்டு விழுந்தது. நிறுத்தினேன். வெகுநேரம் டெஸ்ட் நடந்தது.

"யாரு கொறச்சது?" என்று அக்காவின் குரல்.

"இன்னாது மேடம்?"

"வால்யூம்."

அம்மாதான் பதில் சொன்னார். "காதுகுத்து அன்னிக்கு மேடம். எங்க அண்ணன் மடியில உக்கார வச்சதும் மிஷின் கீன்னு கத்த ஆரம்பிச்சிடிச்சு. சாமி முன்னாடி இன்னா சகுனம் இதுன்னு ஆளாளுக்குப் பேசினாங்க. இவரு சக்கரத்தத் திருப்பிக் கொறச்சிட்டாரு. அப்பறம் ஏத்திதான் வச்சோம். ஆனா இடுப்புல தூக்கினா கத்துது. கட்டிப் புடிச்சா கத்துது. முத்தம் குடுக்கப் போனா கத்துது. கொறச்சா கத்தறதில்ல. கொழந்தயத் தூக்காம எப்டி மேடம் இருக்கறது?"

காது மிஷின் விஷயம் எனக்கும் கொஞ்சம் தெரியும். அறுந்த ஒயருக்கு ஈயம் வைக்க அக்கா என்னிடம்தான் தருவார். மோல்டு காதில் இறுக்கமாக இருந்தால் மிஷின் கத்தாது. லூசாகிவிட்டால் சத்தம் வெளியே கசிந்து, மறுபடி மிஷினுக்குள்ளேயே புகுந்து கத்தும். வேண்டுமென்றே உள்ளங்கையில் வைத்து மூடினாலும் அப்படித்தான் கத்தும். தினமும் காலையில் அக்கா ஒவ்வொரு மிஷினாக மூடிப் பார்ப்பார். கத்தினால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

குழந்தையின் காதிலோ மோல்டு லூசாகிக் கத்தியிருக்கிறது. பெற்றவர்கள் ஆசையாகத் தூக்குவதற்காகச் சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள். மாதக்கணக்காக அந்தக் குழந்தை மிஷினை மாட்டிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் சும்மா இருந்திருக்கிறது.

"புதுசா அளவு எடுக்கணும். வெளிய இருங்க" என்றார் அக்கா. அம்மா மடியில் இருந்தால் அந்தக் குழந்தை ஆடும், அக்காவிடம் ஆடாது. கதவு சாத்தப்பட்டது. சற்று நேரத்தில் பேச்சு ஆரம்பமானது. குரல் வழக்கமான குரலாக இல்லை.

"கண்ணு, இன்னிக்கு அந்த ஜனங்க கத வேணாம். தப்பு என்னுது. கொழந்த காது வளரும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ மோல்டு மாத்தணும். நான் கெழவன் கெழவிக்கு எழுதற மாதிரி, ஒன் கார்டுலயும் ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு எழுதிட்டேன். கை எழுதிடுச்சு, புத்தி பாக்கல. ஒங்க அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. ஒன்ன தூக்கணும்னு ஆசப்பட்டுது, அவ்ளோதான். நான் சொல்லலன்னா இது யாருக்கும் தெரியாது கண்ணு. சொன்னா ஒங்க நைனா ஒன்னத் தூக்கிக்கினு போயிடுவாரு, திரும்பி வர மாட்டாரு. ஒனக்கு நாளு போயிடும். இன்னா பண்ணட்டும், சொல்லு."

சொல்லாதீங்கக்கா என்று என் மனசு அடித்துக்கொண்டது. உண்மையைத்தான் எழுதுகிறேன், அன்று நான் விரும்பியது அதைத்தான். இத்தனை வருடம் வாயைத் திறக்காதவர் இன்னும் ஒரு நாள் திறக்காமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

கதவு திறந்தது. காது கேட்கிறவர்களிடம் அவர் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கார்டில் தான் எழுதியதையும், அது ஏன் தப்பு என்பதையும் ஒன்று விடாமல் சொன்னார்.

"அப்ப எம் பொண்ணு இத்தினி மாசம் சும்மாவே மாட்டிக்கினு இருந்துச்சா?"

"ஆமா."

"ஊமன்னே முடிவு பண்ணிட்டோம் மேடம். வூட்ல ஒருத்தரும் அது கிட்ட பேசறதையே வுட்டுட்டோம்." அப்பா மிஷின் டப்பாவை மேஜைமேலேயே விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். அம்மா மட்டும் பாதிப் படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்ததை என் கடையில் இருந்தே பார்த்தேன்.

அக்கா அன்றைக்கு எடுத்த அளவுக்குப் பத்து நாளில் சென்னையில் இருந்து மோல்டு வந்தது. அக்கா போன் அடித்தால் அந்தப் பக்கம் எடுப்பார் இல்லை. அதன்பின் ஒரு காலையில் என் வாசலில் வந்து நின்றார்.

"வண்டி இருக்குதா?"

"இருக்குதுக்கா."

"சிங்கவரம்."

போகிற வழியெல்லாம் பின்சீட்டில் இருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நானும் கேட்கவில்லை, விஷயம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாதே. எனக்குக் காது நன்றாகக் கேட்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது.

வயலில் மல்லாட்டை பிடுங்கிக் குவித்திருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து செடியில் இருந்து கடலைக்காயை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். குழந்தையின் அம்மாவும் அங்கேதான் இருந்தார். குழந்தை பக்கத்தில், காதில் எதுவும் இல்லாமல், மண்ணில் காய்களை வரிசையாக நட்டுக்கொண்டிருந்தது. அப்பா டிராக்டரை விட்டு இறங்கி வந்தார்.

"இன்னாத்துக்கு மேடம் இங்கல்லாம் வரீங்க?"

அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்காவின் கழுத்தில் வேர்வை ஓடியதை நான் பார்த்தேன். ஆனால் பேசினார்.

"கேக்கறதுதான் மொதல்ல. பேச்சு அப்பறம்தான் வரும். பொறந்த கொழந்த ஒரு வருசம் கேட்டுட்டுதான் ஒரு வார்த்த சொல்லுது. ஒங்க பொண்ணு இன்னும் கேக்கவே ஆரம்பிக்கல. காதக் கணக்குல எடுத்தா அது இன்னும் கைக்கொழந்த. அதுக்குள்ள ஊமன்னு முடிவு கட்டாதீங்க."

"மறுபடியும் தப்பாப் போச்சுன்னா?"

"போச்சுன்னா வந்து சொல்றேன். இப்ப வந்த மாதிரி."

அப்பா டிராக்டர் பக்கம் திரும்பினார். "தை பொறக்கற வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல என்ன ஒண்ணும் கேக்காதீங்க" என்றார்.

அம்மா எழுந்து வந்தார். கை மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டு அக்கா கையில் இருந்த டப்பாவை வாங்கினார். "இத மாட்டினா தூக்கலாமா மேடம்?"

"தூக்கலாம். கத்தாது."

அக்கா அங்கேயே, வரப்பில் உட்கார்ந்து, மோல்டை மாட்டி வால்யூமை ஏற்றினார். அம்மா குழந்தையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மிஷின் கத்தவில்லை.

அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை டவுன் பஸ்ஸில் வந்தார்கள். கார்த்திகை போயிற்று. குழந்தை சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. மார்கழியும் பாதி போயிற்று. அப்பா வருகிறபோதெல்லாம், "ஒண்ணும் வரலியே மேடம்" என்பார். அக்கா "ம்" என்பார். பலகைக்கு இந்தப் பக்கம் நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். சம்பந்தமே இல்லாத நான் ஏன் எண்ணினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பொங்கலுக்கு நாலு நாள் இருந்தபோது வந்தார்கள். நான் ஒரு போனைப் பிரித்து வைத்து ப்ளோயர் அடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் படியேறும் சத்தம் கேட்டதும், எந்தத் தட்டும் விழாமலே நிறுத்திவிட்டேன். அக்கா இடது காது மிஷினைக் கழற்றி, வழக்கம்போல் உள்ளங்கையில் வைத்து மூடிப் பார்த்திருக்கிறார். கீ என்று கத்தியது. கையைத் திறந்ததும் நின்றது.

நின்ற பிறகு இன்னொரு கீச்சு கேட்டது. மெலிசாக, கொஞ்சம் ஆடியபடி.

"இப்பவும் கத்துதே மேடம்" என்றார் அப்பா, சலித்துப்போன குரலில்.

அக்கா மறுபடி மூடினார். கீ. திறந்தார். உடனே அந்த மெலிந்த கீச்சு. மூன்றாம் முறையும் அப்படியே. தினம் அத்தனை மிஷின் கத்திக் கேட்ட என் காதுக்கு வித்தியாசம் தெரியாதா? என் கையில் இருந்த இடுக்கி நழுவி விழுந்தது.

"மிஷின் இல்லங்க" என்றார் அக்கா. "ஒங்க பொண்ணு. வலது காதுல மிஷின் இருக்குதில்ல, இந்தச் சத்தம் அதுல கேக்குது. கேட்டதத் திருப்பிச் சொல்றா. பேச்சு இப்டிதான் ஆரம்பிக்கும்." குரல் மேலே ஏறிக்கொண்டே போனது. "ஒசந்த சத்தம்ங்க! க, த, ச எல்லாம் குந்தியிருக்கற எடம்! அந்த எடம் இவளுக்குக் கேக்குதுங்க!"

"இன்னொரு தடவ மேடம்" என்றார் அப்பா. "இன்னொரு தடவ மூடுங்க." மிஷின் கத்தியது, குழந்தை கத்தியது. அடுத்த முறை பெரிய ஆள் ஒருவரும் சேர்ந்து கத்தினார். அந்தக் கீச்சு ராஜகிரிவரைக்கும் கேட்டிருக்கும்.

அந்தச் சந்தடிக்கு நடுவில் பலகை தட்டப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று தட்டுக்கு எங்களிடம் அர்த்தமே கிடையாது.

"கேட்டியா தம்பி?"

திருடன் அகப்பட்டுக்கொண்ட மாதிரி எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பேசாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

"கேட்டேன்க்கா" என்றேன் பலகையிடம். "ஒங்களுக்கு எப்டி..."

"காது பாக்கறவளுக்குப் பக்கத்து ரூம்ல ப்ளோயர் நிக்கறது கேக்காதா? நான் வாயத் தொறந்தா அது நிக்கும். மொத வருசத்துலருந்தே தெரியும்." அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அங்க ஒரு காது இருந்துச்சு. அதான் தம்பி பேசினேன்."